தோற்றவன் நீட்டும் கை

கருவடிக்குப்பம்
9.6.2024

அன்புள்ள தம்பி இளம்பரிதிக்கு,

அக்கா கார்குழலி எழுதுவது. நான் சுகம். முட்டி வலியைக் கழித்துவிட்டால் அப்பாவும் சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? போன தடவை மனு போட்டு உன்னைப் பார்க்க வந்தபோது வலைக்கு அந்தப்பக்கம் நீ கத்தினாய், இந்தப்பக்கம் நான் கத்தினேன், பக்கத்தில் இருபது பேர் கத்தினார்கள். ஒன்றும் காதில் விழவில்லை. கம்பெனியிலும் அடிக்கடி லீவு தரமாட்டார்கள். அதனால் இனி எழுதுவோம். சிறை ஆபீஸில் பிரித்துப் படித்துவிட்டுத்தான் தருவார்கள் என்றாய். படிக்கட்டும். பாட்டில் மூடி கம்பெனியில் வேலை செய்பவளின் கடிதத்தில் அவர்களுக்கு என்ன கிடைத்துவிடப் போகிறது?

ஜாமீன் மறுபடியும் கிடைக்கவில்லை. இராமதாஸ் வக்கீல் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "செல்வகுமார்தான் மொதல்ல கை ஓங்கினான், தப்பிக்கத்தான் அடிச்சேன்னு உங்க தம்பி போலீஸ்ல சொல்லியிருக்கான். வெளிய நடந்தத வேற யாரும் பாக்கல. அந்தப் பையன் வாயத் தொறந்து ஆமான்னு சொன்னா நம்ம பக்கம் நிக்கும்." அவன் இன்னும் கதிர்காமத்தில் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறான். வாய்க்கால் கட்டையில் மண்டை பட்டது லேசுப்பட்ட அடி இல்லையாம். கண் திறந்திருக்கிறான். பேச்சு வரவில்லை.

அப்பா உன்னைப் பற்றிப் பேசுவதில்லை. உன் தட்டை மட்டும் தினமும் கழுவிக் கவிழ்த்து வைக்கிறார்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும், சிரிக்காதே. நீ விளையாடும் அந்தச் சண்டை கேமை எனக்குக் கற்றுக்கொடு. வீட்டில் சும்மாதான் கிடக்கிறது. ஒன்றுமே தெரியாத ஆளுக்கு முதலிலிருந்து சொல்வதுபோல் சொல்.

நேரத்துக்குச் சாப்பிடு. வம்புக்குப் போகாதே.

அக்கா,
கார்குழலி

*

21.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் நல்லபடியாக வந்து சேர்ந்தது. நான் நன்றாக இருக்கிறேன். இங்கே சோறு பாதி வெந்துதான் வருகிறது. நீ வடித்த சோற்றைக் கிண்டல் செய்ததற்கு அனுபவிக்கிறேன். அப்பா முட்டிக்குத் தைலம் தேய்க்கிறாரா?

நீயா? கேமா? "அந்த டமால் டுமீல் சத்தத்த நிறுத்துடா, காது போவுது" என்று சுவிட்சைப் பிடுங்கியவள்தானே நீ! பக்கத்தில் படுத்திருப்பவனிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். வந்த நாளிலிருந்து இன்றைக்குத்தான் சிரித்தேன் அக்கா.

சரி, கேட்டுக்கொள். முதலில் ஒரே ஒரு ஆளை எடு. தோற்றாலும் மாற்றாதே. சிவப்பு முண்டாசு கட்டிய பெண் ஒருத்தி இருப்பாள், அவளை எடு. அவளிடம் இருக்கும் அடிகள் கொஞ்சம்தான், ஆனால் எல்லாம் உருப்படியான அடி. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஆளை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், ஒருத்தரையும் தெரிந்துகொள்ள மாட்டார்கள்.

அடுத்தது, கண்டமேனிக்குப் பட்டனை அமுக்காதே. பின்பக்கம் அமுக்கினால் அவள் கையைக் குறுக்கே வைத்துத் தடுப்பாள். கொஞ்ச நாளைக்கு அடிக்கவே அடிக்காதே, தடு. எதிரே இருப்பவன் என்னென்ன செய்கிறான் என்று பார். அடி வாங்காமல் நிற்கத் தெரிந்த பிறகு அடிக்கலாம்.

இன்னொன்று, இது கேமில் இல்லை, ஷஹாபுதீன் பாய் கேம் கடையில் நாங்கள் வைத்திருந்த பழக்கம். ஆட்டம் முடிந்தால் இரண்டு பேரும் கையை மடக்கி முட்டிக்கொள்ள வேண்டும். தோற்றவன்தான் முதலில் நீட்ட வேண்டும். முட்டாமல் எழுந்து போனால் அந்த ஆட்டம் முடிந்ததாகவே கணக்கு இல்லை. அன்றைக்கு மாசி மகத்துக்கு மறுநாள் பைனலில் என்னிடம் தோற்றுவிட்டு செல்வகுமார் முட்டாமல் எழுந்து போனான், கடையே ஓவென்று கூச்சல் போட்டது. அதில்தான் எல்லாம் வந்தது. நீ தோற்றால் டிவியில் ஒரு முட்டு முட்டிவிட்டு எழுந்திரு.

செல்வகுமாருக்குப் பேச்சு வந்தால் உடனே எழுது. அவன் உண்மையைச் சொன்னால் போதும், வேறு எதுவும் வேண்டாம். நீ அவர்கள் பக்கம் போகாதே. அவன் அம்மா ஏதாவது சொன்னால் நீ தாங்க மாட்டாய்.

உன் தம்பி,
இளம்பரிதி

*

கருவடிக்குப்பம்
14.7.2024

தம்பிக்கு,

நாங்கள் நலம். அப்பா தைலம் தேய்க்கிறார், வீடெல்லாம் அந்த வாசனைதான். உனக்குக் கொசுக்கடி எப்படி? சொறியாதே, புண்ணாகும்.

நீ சொன்ன முண்டாசுக்காரியை எடுத்தாயிற்று. தடுப்பதே பெரிய பாடாக இருக்கிறது. இடது கட்டை விரல் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. பின்பக்கம் அமுக்க வேண்டும் என்று மனசுக்குத் தெரிகிறது, விரல் போய்ச் சேர்வதற்குள் இரண்டு அடி விழுந்துவிடுகிறது. கொஞ்ச நேரம் விளையாடினாலே தலை கனக்கிறது. எந்தப் பட்டன் குத்து, எந்தப் பட்டன் உதை என்பது நேற்றுத் தெரிந்தது இன்று மறந்துபோகிறது. கோபம் வந்து கண்ட்ரோலரை வீசி எறிந்ததும் உண்டு. உடையவில்லை, பயப்படாதே.

இதற்கெல்லாம் வழி இருக்கிறதா? இல்லை, இனி வரவே வராதா? உள்ளபடி சொல்.

செல்வகுமாரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இடது பக்கம் விளங்கவில்லை. வலிப்பு வருவதால் மாத்திரை விடாமல் போட வேண்டுமாம். பேச்சு ஒன்றிரண்டு வார்த்தை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

26.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கொசுவோடு சமாதானமாகிவிட்டேன், அது கடிக்கும், நான் சும்மா இருப்பேன். உனக்கும் அப்பாவுக்கும் ஒரு குறையும் இல்லையே?

உன் ஆட்டத்தைப் படித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். இங்கே நாலைந்து பேருக்குப் படித்தும் காட்டினேன். "ஒங்க அக்கா வெளையாடறாங்களா, மாவாட்றாங்களா?" என்று ஒருத்தர் கேட்டார். ஒன்றுதான் புரியவில்லை. நீ இடக்கைக்காரி. வெங்காயம் நறுக்குவது, கோலம் போடுவது, என் முதுகில் வைப்பது எல்லாம் இடது கையில்தான். அந்தக் கட்டை விரல் எப்படி மக்கர் செய்கிறது? கம்பெனியில் கையில் அடிபட்டு மறைக்கிறாயா? மறைக்காதே.

வழி இருக்கிறது, வராமல் எங்கே போகும்? கண்ட்ரோலரில் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சியை விட்டுவிடு. பக்கத்தில் கூட்டல் குறி மாதிரி பட்டன் இருக்கும், அதைப் பயன்படுத்து. அமுங்குவது விரலுக்குத் தெரியும். எதிராளியே இல்லாமல் பயிற்சிக்கென்று ஒரு இடம் கேமில் இருக்கிறது. அங்கே போய் முன்னே நட, பின்னே நட, தடு. இவ்வளவுதான். தலை கனப்பதற்கு முன்னாலேயே நிறுத்திவிடு. தினமும் கொஞ்சம் விளையாடு. ஒரே நாளில் முழுக்க உட்கார்ந்தால் தப்பாகப் பழகிவிடும்.

குதிக்காதே. குதித்துவிட்டால் காற்றில் தடுக்க முடியாது, கீழே வரும்வரை அவன் கையில் இருக்கிறாய். அவன் குதித்தால் மட்டும் கீழிருந்து மேலே ஒரு குத்து விடு. அந்த ஒரு குத்து வந்துவிட்டால் பாதிப்பேரை ஜெயித்துவிடலாம்.

தோற்றால் வருத்தப்படாதே. தோற்ற ஆட்டத்தை மறுபடி போட்டுப் பார்க்கலாம், அதற்கு வசதி இருக்கிறது. பார்த்து, எதனால் அடி வாங்கினாய் என்று ஒன்றே ஒன்றைக் கண்டுபிடி. அடுத்த ஆட்டத்தில் ஜெயிக்கப் பார்க்காதே, அந்த ஒன்றை மட்டும் திருத்து. நானும் செல்வகுமாரும் அப்படித்தான் வளர்ந்தோம். என்னை அழ வைத்த ஒரே ஆள் அவன்தான். ஊரில் வேறு யார் இருந்தார்கள் எங்களுக்கு?

அவன் ஏதாவது சொன்னானா?

உன் தம்பி,
பரிதி

*

கருவடிக்குப்பம்
18.8.2024

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். படித்த பிறகு எப்படி இருப்பாய் என்று தெரியாது.

என் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்டுபிடித்துவிடுவாய் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. விளையாடுவது நான் இல்லை. செல்வகுமார்.

ஏப்ரலிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனேன். உனக்காகக் காலில் விழலாம் என்றுதான் போனேன். அவன் அம்மா அஞ்சலாட்சி என்னைப் பார்த்துவிட்டு, "பாத்துட்ட இல்ல, போ" என்றார். மறுபடி போனேன். ஷிப்ட் முடிந்தால் கால் தானாக அங்கே போகும். ஒருநாள் அவர் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. அவருக்கு ஸ்கூலில் பெருக்கித் துடைக்கிற வேலை, போகாவிட்டால் எடுத்துவிடுவார்கள். பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. வாசலில் நின்றிருந்த என்னைப் பார்த்தார். கஞ்சி டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

விரல்களை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஒரு பந்தைக் கொடுத்திருந்தார்கள். அவன் அதைத் தூக்கி எறிந்துவிடுவான். ஆனால் தூங்கும்போது போர்வைமேல் இரண்டு கட்டை விரலையும் அசைப்பான். வலது விரல் நன்றாக அசையும், இடது லேசாக. இழுப்பு வருகிறது என்று அவன் அம்மா நர்ஸைக் கூப்பிட ஓடினார். கண்ட்ரோலரை அமுக்குகிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நீயும் தூக்கத்தில் அப்படித்தான் செய்வாய். அன்றுதான் உனக்கு முதல் கடிதம் எழுதினேன்.

அவன் வீட்டுக்கு வந்தபின் உன் கேமைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். நீ எழுதியதை வாசித்துக் காட்டினேன். "யாரு?" என்றான். மறைக்கத் தோன்றவில்லை. "எந் தம்பி" என்றேன். அஞ்சலாட்சி அம்மா சமையலறையில் பாத்திரத்தை டங்கென்று வைத்தார். அவன் வலது கையால் கண்ட்ரோலரை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான். பிறகு ஸ்டார்ட் பட்டனை அமுக்கினான்.

உன்னை ஏமாற்றிவிட்டேன் என்று நினைக்கிறாயா? நினைத்துக்கொள். ஆனால் எழுதுவதை நிறுத்தாதே. கூட்டல் குறிப் பட்டனில் அவன் விரல் போகிறது.

அக்கா,
கார்குழலி

*

29.9.2024

அக்காவுக்கு,

நலம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன். அப்பா நலமா?

உன் கடிதத்துக்கு மூன்று முறை பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். உன்மேல் கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன். நான் அவனுடைய தவறுகளைப் படித்துச் சிரித்திருக்கிறேன். நாலைந்து பேருக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன். எந்தப் பட்டன் குத்து என்று மறந்துபோகிறதா அவனுக்கு? கண்ணை மூடிக்கொண்டு ஆடுவான் அக்கா. ஷஹாபுதீன் பாயே சொல்வார், "இவனுங்க ரெண்டு பேருக்கும் கடைய எழுதி வெச்சுட்டு நான் வீட்டுக்குப் போறேன்" என்று. அவனுக்கா நான் பின்னே நட, முன்னே நட என்று சொல்லிக்கொடுத்தேன்?

சரி. அடுத்த பாடத்தையும் சொல்லிவிடு. எப்போது அடிப்பது என்று. எதிராளி பெரிய அடி வீசுவான். அது தவறிவிட்டால் அவன் கை திரும்பி வரும்வரை அவனால் ஒன்றும் செய்ய முடியாது. அப்போது அடிக்க வேண்டும். யோசித்து அடித்தால் நேரம் தவறிவிடும். கை தானாகப் போகும்வரை பழக வேண்டும். இதைத்தான் நாங்கள் வருஷக்கணக்கில் பழகினோம். அன்றைக்கும் அதுதான் நடந்தது. அவன் தெரு முனையில் திரும்பி என்னை நோக்கி வேகமாக வந்தான், கையை மடக்கி வீசினான், நான் விலகினேன், என் கை போய்விட்டது. நான் யோசிக்கவே இல்லை.

இப்போது அவனுக்குப் பேச்சு வருகிறது இல்லையா? நீ அங்கே போகிறாய், கஞ்சி கொடுக்கிறாய், விளையாட வைக்கிறாய். கேள் அவனை. "நாந்தான் மொதல்ல கை ஓங்கினேன்" என்று அவன் சொல்ல வேண்டும். பொய் சொல்லச் சொல்லவில்லை, நடந்ததைத்தான் சொல்லச் சொல்கிறேன். இங்கே ஒவ்வொரு காலையும் எண்ணிக்கை எடுக்கும்போது என் பெயருக்கு நான் கை தூக்குகிறேன். எனக்கு இருபத்திரண்டு வயதாகிறது அக்கா. என்னை வெளியே எடு.

பரிதி

*

கருவடிக்குப்பம்
20.10.2024

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். மழை பிடித்துக்கொண்டது. உனக்குப் போர்வை இருக்கிறதா? இல்லையென்றால் எழுது, கேட்டுப் பார்த்து அனுப்புகிறேன்.

செல்வகுமார் முன்னேறிவிட்டான். இடது கை மற்ற நேரம் மடங்கியேதான் இருக்கிறது, விரல்களைப் பிரித்துக் கண்ட்ரோலரில் வைத்துவிட வேண்டும். ஆனால் கட்டை விரல் இப்போது பின்பக்கம் நேரத்துக்குப் போகிறது. கம்ப்யூட்டரை ஒரு ரவுண்டு ஜெயித்தான். அவன் குதிப்பதில்லை. நான்தான் குதிக்கிறேன், கீழிருந்து ஒரு குத்து விடுகிறான். அன்றைக்கு அஞ்சலாட்சி அம்மா எனக்கும் ஒரு தட்டு வைத்தார், கூப்பிடவில்லை, வைத்தார். கருவாட்டுக் குழம்பு.

போன வாரம் எப்படியோ நான் ஜெயித்துவிட்டேன். அவன் உடனே வலது கையை மடக்கி என் பக்கம் நீட்டினான். முட்டினேன். அவன் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்.

பிறகு அவன் ஒன்று கேட்டான். பேச்சு குழறுகிறது, ஆனால் எனக்குப் புரியும். உன்னிடமே கேட்கச் சொன்னான். "முட்டாம எழுந்து போயிட்டவன், மனசு கேக்காம திரும்பி வந்து முட்டுனா, அது சேருமா சேராதா?" இதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். எனக்கு உங்கள் கடைப் பழக்கமெல்லாம் தெரியாது.

நீ கேட்கச் சொன்னதைப் பற்றி எழுத இன்றைக்கு நேரமில்லை. ஷிப்டுக்குப் போக வேண்டும்.

அக்கா

*

28.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். போர்வை இருக்கிறது, நாற்றமும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் போர்த்திக்கொள்கிறேன். தீபாவளிக்கு அப்பாவுக்கு ஒரு வேட்டி எடு.

ஒரு ரவுண்டு ஜெயித்தானா! எனக்குக் கை பரபரவென்று இருக்கிறது. இனி த்ரோவைத் தடுக்கச் சொல்லிக்கொடு. தடுத்துக்கொண்டே இருப்பவனைப் பிடித்துத் தூக்கிப் போடுவார்கள், அதைப் பார்த்ததும் அவனும் அதே பட்டனை அமுக்க வேண்டும்.

அவன் கேட்டதற்கு என்ன பதில்? தாராளமாகச் சேரும். இதுகூடத் தெரியாதா அவனுக்கு? அவன்தானே எங்களுக்கே சொன்னவன். ஒருத்தன் கோபத்தில் வீட்டுக்குப் போய்விட்டு மறுநாள் வந்து முட்டினான், கை தட்டினோம். தெருவில் நின்று முட்டினாலும் சேரும். போனவன் திரும்பி வருவதுதான் பெரிசு. வேகவேகமாக வந்து

இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். அந்த வரியோடு நிறுத்திவிட்டேன்.

அக்கா, அவன் எதற்கு அதைக் கேட்டான்?

திரும்பத் திரும்ப அதையே போட்டுப் பார்க்கிறேன். தோற்ற ஆட்டத்தைப் பார்ப்பது மாதிரி. நான் கடைக்கு வெளியே வண்டிப் பக்கத்தில் நிற்கிறேன். அவன் முனையில் திரும்பி வருகிறான். வலது கை மடங்கியிருக்கிறது, நெஞ்சு உயரத்தில் நேராக வருகிறது. அடிக்க வருகிற கை மடங்கியிருக்கும். முட்ட வருகிற கையும் மடங்கித்தான் இருக்கும். நான் விலகினேன். அவன் கை சும்மா காற்றில் நின்றது, திரும்பி இழுக்கவே இல்லை. அடித்தவன் கையை இழுப்பான். அவன் நீட்டியபடியே நின்றான். அவன் முகம் எப்படி இருந்தது என்று யோசிக்கிறேன், வரவில்லை. நான் முகத்தைப் பார்க்கவில்லை. கையை மட்டும்தான் பார்த்தேன். அப்படிப் பார்க்கத்தான் பழகியிருந்தேன்.

உனக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால் எழுது. தெரியாவிட்டாலும் எழுது.

பரிதி

*

கருவடிக்குப்பம்
17.11.2024

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ சாப்பிடுகிறாயா என்பதுதான் முதல் கேள்வி. சாப்பிடு.

தெரியும். செப்டம்பரில் அவனுக்கு வார்த்தை சேர்ந்து வரத் தொடங்கிய உடனேயே சொன்னான். "முட்ட வந்தேன்க்கா." அவ்வளவுதான். அழவில்லை, கோபப்படவில்லை. ஏதோ விட்டுப்போனதைச் சொல்வதுபோல் சொன்னான். நான் அவனுக்கு வாய் துடைத்துவிட்டு வெளியே வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதை உனக்கு எழுதவில்லை. எழுதினால் இந்தக் கடிதங்களைப் பிரித்துப் படிப்பவர்கள் படிப்பார்கள், வக்கீல் சொன்ன ஒரே பிடியும் போய்விடும் என்று பயந்தேன். அது மட்டும் இல்லை. "அவன்தான் மொதல்ல" என்று நீ நம்பிக்கொண்டிருந்தாய், அந்த நம்பிக்கையில்தான் அங்கே படுத்து எழுகிறாய். அதை எடுத்துவிட்டால் உனக்கு என்ன மிஞ்சும்? இப்போதுகூட எழுதியிருக்கக் கூடாதோ என்னவோ. நீ கேட்டுவிட்டாய்.

இன்னொன்று சொல்ல வேண்டும். போன வாரம் அஞ்சலாட்சி அம்மா என்னிடம் சொன்னார். "எம் புள்ள கை ஓங்கினான்னு நாலு பேரு முன்னாடி சொல்லச் சொல்லுவீங்க. அவனுக்கு ஒம்மேல இருக்கற பாசத்துக்கு சொன்னாலும் சொல்லுவான். கேட்டுறாதம்மா." நான் கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன். என்னைத் திட்ட வேண்டுமென்றால் திட்டு. என் தம்பி வெளியே வர வேண்டும் என்று எந்நேரமும் வேண்டிக்கொண்டுதான் அதைச் சொன்னேன்.

திரும்பி வந்து முட்டினாலும் சேரும் என்று நீ எழுதியதை அவனுக்கு வாசித்தேன். தலையை ஆட்டினான். த்ரோவைத் தடுக்கக் கற்றுக்கொண்டிருக்கிறான்.

வழக்கில் என்ன செய்வது என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும்.

அக்கா

*

27.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன். நீயும் அப்பாவும் நலமாக இருக்க வேண்டும். இங்கே வானம் கறுத்துக் கிடக்கிறது, புயல் என்கிறார்கள். கூரையில் ஓட்டை பார்த்தாயா?

இராமதாஸ் வக்கீல் வந்தார். அவன் கை ஓங்கவில்லை, முட்ட வந்தான், நான்தான் தப்பாகப் பார்த்து அடித்தேன், அப்படியே மாற்றி எழுதுங்கள் என்றேன். "பைத்தியமாடா நீ? இத சொன்னா ஜாமீன மறந்துடு, தண்டனை நிச்சயம்" என்று கத்தினார். நான் அதையே மறுபடி சொன்னேன். அடுத்த வாய்தாவில் நானே வாய் திறந்து சொல்லிவிடுவேன் என்றதும் எழுதிக்கொண்டார். பயமாக இருக்கிறது அக்கா. பெரிய மனுஷன் மாதிரி எழுதுகிறேன், அவ்வளவுதான். அப்பாவிடம் நீயே சொல்லிவிடு.

கீழே எழுதுவது அவனுக்கு. வாசித்துக் காட்டு.

செல்வா, நான் பரிதி. அன்றைக்கு ஆட்டத்தில் ஜெயித்தது நான். அதற்கப்புறம் நடந்ததில் தோற்றதும் நான்தான். தோற்றவன்தான் முதலில் நீட்ட வேண்டும் என்று நீதான் சொல்லிக்கொடுத்தாய். எத்தனை வருஷம் ஆனாலும் வெளியே வந்ததும் நேரே உன் வீட்டு வாசலுக்கு வருவேன். கையை நீட்டுவேன். நீ முட்டினாலும் சரி, அடித்தாலும் சரி, விலக மாட்டேன். அதுவரைக்கும் என் கேமை நீயே வைத்துக்கொள். முண்டாசுக்காரியை விட்டுவிட்டு உன் பழைய ஆளை எடுத்துவிடாதே, விரல் நன்றாகப் பழகும்வரை அவள்தான் உனக்கு நல்லது.

இதை வாசித்ததும் அவன் என்ன சொன்னான் என்று எழுது. ஒன்றும் சொல்லாவிட்டாலும் எழுது.

உன் தம்பி,
இளம்பரிதி

*

கருவடிக்குப்பம்
15.12.2024

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அப்பாவும் நலம். வீட்டில் தண்ணீர் வந்து வடிந்துவிட்டது. உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று இராமதாஸ் வக்கீல் சொன்னதும்தான் மூச்சு வந்தது. நான் எழுதும்வரை உன்னிடம் எதையும் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். உட்கார்ந்து படி.

புயலன்று பெய்த மழையில் அவர்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். கரண்டு இல்லை, போன் இல்லை. செல்வகுமாரைக் கட்டிலோடு தூக்கி மேசைமேல் வைத்திருந்தார்கள். வலிப்பு மாத்திரை வைத்திருந்த டப்பா தண்ணீரில் போய்விட்டது. அஞ்சலாட்சி அம்மா அந்தத் தண்ணீரிலேயே மருந்துக் கடை தேடிப் போயிருக்கிறார், எல்லாம் மூடிக் கிடந்தது. மறுநாள் நான் போக முயன்றேன், பாதி வழியில் தண்ணீரின் இழுப்பு அதிகமாக இருந்ததால் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்கு மறுநாள் போனேன். அன்று விடியும்போது வலிப்பு வந்து போய்விட்டான். நான் போனபோது அவன் அம்மா ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தார். "மாத்திர கெடைக்கல குழலி" என்றார். முதல்முறையாக என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

உன் கடிதம் தபாலில் தங்கி ஒன்பதாம் தேதிதான் வந்தது. அவனுக்கு வாசித்துக் காட்ட முடியவில்லை. நீ எழுதியது அவனுக்குத் தெரியாமலே போனான். இதை மெதுவாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை தம்பி.

இனி இது அடிதடி வழக்கு இல்லை, கொலை வழக்கு என்றார் வக்கீல். "இப்பவாச்சும் அவன் மனச மாத்துங்கம்மா, மறுத்துப் பேச அந்தப் பையனும் இல்ல" என்றார்.  அப்பாதான் சொன்னார். "எம் புள்ள சொன்னது சொன்னதுதான், அப்படியே எழுதுங்க" என்றார். வரும் ஞாயிறு மனு போட்டு உன்னைப் பார்க்க அவரே வருகிறார். முட்டியைப் பிடித்துக்கொண்டு வருவார். நீ கத்திப் பேசு, அவருக்குக் காது மந்தமாகிவிட்டது.

அன்றைக்கு நடந்த இன்னொன்றையும் எழுத வேண்டும். எடுப்பதற்கு முன்னால் கைகளை நீட்டி வைத்தார்கள். வலது கை நீண்டது. இடது கை மடங்கியபடியே இருந்தது, எவ்வளவு பிரித்தாலும் மடங்கிக்கொண்டது. ஒரு பெரியவர் துணியால் கட்டப் பார்த்தார். "இருக்கட்டும், வுடுங்க" என்றார் அஞ்சலாட்சி அம்மா. பிறகு என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். உன் கடிதம் அப்போது வந்திருக்கவில்லை, நீ எழுதியிருப்பது எனக்குத் தெரியாது. ஆனால் உன்னை எனக்குத் தெரியும். கூட்டத்தில் முன்னே போய்க் குனிந்தேன். என் கையை மடக்கினேன்.

உனக்காக நான்தான் முதலில் நீட்டினேன் தம்பி. அவன் கை ஏற்கெனவே மடங்கித்தான் இருந்தது. முட்டினேன்.

கேமை அஞ்சலாட்சி அம்மா திருப்பிக் கொடுத்துவிட்டார், தண்ணீர் பட்டு வேலை செய்யவில்லை. அவர் வீட்டைக் கழுவிவிட வேண்டும், நாளைக்குப் போகிறேன்.

சாப்பிடாமல் இருக்காதே.

அக்கா,
கார்குழலி